இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் விலை ஏன் வேறு?

வீடு வாங்கக் கிளம்பும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இந்த விலை நியாயமா?" நான் தரகரும் இல்லை, கட்டடப் பொறியாளரும் இல்லை. நகரங்களில் வீட்டு விலை எப்படி அமைகிறது என்பதைப் பல ஆண்டுகளாக ஆர்வத்தோடு படித்து வருகிறேன், தெரிந்தவர்கள் வீடு பார்க்கப் போனால் கூடப் போகிறேன், அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. யாரிடமும் இருக்க முடியாது என்றே நினைக்கிறேன். தினமும் ஆயிரக்கணக்கில் கை மாறும் பொருளுக்குச் சந்தை விலை என்று ஒன்றைச் சொல்லலாம். ஒரு வீடு அப்படியில்லை. அதே மாடியில், அதே மூலையில், அதே வெளிச்சத்தோடு இன்னொன்று கிடையாது. அதுவும் பத்து, இருபது வருடத்துக்கு ஒரு முறைதான் விற்பனைக்கு வரும்.

ஆனால் பதில் தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் இவ்வளவு வித்தியாசம் சொல்கிறார்களே, அது எதற்கு? கூடவே இன்னொன்று: எதற்காக அந்தக் கூடுதல் பணம் கேட்கிறார்களோ, அது எனக்கு வேண்டுமா? வீடு பார்க்கும் காலம் முழுக்க இந்த இரண்டை மட்டும் விடாமல் கேட்டாலே போதும் என்பது என் கருத்து.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1928இல் ஃபிரெடரிக் வா என்ற அமெரிக்கப் பொருளியலாளர் பாஸ்டன் சந்தையின் காய்கறி விலைகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரே சந்தையில் ஒரு கட்டு அஸ்பாரகஸ் ஏன் அடுத்த கட்டைவிட அதிக விலைக்குப் போகிறது? தண்டில் பச்சை நிறம் எவ்வளவு நீளம் ஓடுகிறது என்பதற்கு இவ்வளவு, தண்டு தடிமனாக இருப்பதற்கு இவ்வளவு என்று விலையைப் பிரித்துக் காட்டினார். 1974இல் ஷெர்வின் ரோசன் இந்த யோசனைக்கு முழுமையான கோட்பாட்டு வடிவம் கொடுத்தார். இன்று வீடுகளை மதிப்பிடும் பெரும்பாலான கணக்குகளுக்கு அடியில் இருப்பது இதுதான்: வீட்டுக்கு என்று தனியாக ஒரு விலை இல்லை. பரப்பளவு, மாடி, வெளிச்சம், தெரு, பள்ளி, பேருந்து நிறுத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ஒரே தொகையாகக் கேட்கிறார்கள்.

என் தங்கை குடும்பம் வீடு தேடியபோது இதை நேரில் பார்த்தேன். ஒரே கட்டடம், ஒரே மாடி, ஒரே அளவில் இரண்டு ஃப்ளாட். ஒன்று முன்பக்கம் பெரிய சாலையைப் பார்த்தது, இன்னொன்று பின்பக்கம் ஒரு காலி மனையைப் பார்த்தது. முன்பக்கத்துக்குக் கணிசமாக அதிகம் கேட்டார்கள். "ஃப்ரண்ட் சைடு சார், காத்தும் வெளிச்சமும் அள்ளிக்கிட்டு வரும்" என்றார் தரகர். ஜன்னலைத் திறந்தோம். காற்றோடு ஹாரன் சத்தமும் வந்தது. பால்கனிக் கம்பியைத் தொட்ட தங்கையின் விரலில் கரிய தூசி அப்பிக்கொண்டது. பின்பக்க ஃப்ளாட்டில் அதே காற்று, அதே வெளிச்சம், சத்தம் மட்டும் இல்லை. அப்புறம் எதற்கு அந்தக் கூடுதல் பணம்?

கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கமே நின்றிருந்துவிட்டு, "அண்ணா, இந்தக் காலி மனையில நாளைக்குக் கட்டடம் வந்துட்டா?" என்று அவளே கேட்டாள். அதுதான் விஷயம். சாலையின் மேல் யாரும் வீடு கட்டப் போவதில்லை. முன்பக்க ஃப்ளாட்டுக்குக் கேட்ட கூடுதல் தொகை இன்றைய வெளிச்சத்துக்கு இல்லை, பதினைந்து வருடம் கழித்தும் அந்த வெளிச்சம் இருக்கும் என்ற உறுதிக்கு. நகராட்சி அலுவலகத்தில் விசாரித்து, அந்த மனையில் எத்தனை மாடி வரை கட்ட அனுமதி உண்டு, எல்லைச் சுவரிலிருந்து எவ்வளவு இடம் விடவேண்டும் என்று தெரிந்துகொண்டார்கள். கட்டடம் வந்தால் படுக்கையறை இருட்டாகிவிடும் என்பது நிச்சயம். மாப்பிள்ளைக்கு இரவு வேலை, பகலில் தூங்குகிறவர். அவருக்கு வெளிச்சத்தைவிட அமைதி முக்கியம். பின்பக்கத்தையே எடுத்தார்கள். இன்னொரு குடும்பத்துக்கு முன்பக்கம்தான் சரியாக இருந்திருக்கும். விலை வித்தியாசம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான், அதன் பயன்தான் ஒன்றில்லை.

இப்படி ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வேறுபடும் இரண்டு வீடுகளைத் தேடிப் பிடிப்பதுதான் விலையைப் படிப்பதற்கு மிக நல்ல வழி. 1999இல் சாண்ட்ரா பிளாக் என்ற பொருளியலாளர் பள்ளிக்கூடங்களுக்கு இதையே செய்தார். நல்ல பள்ளி இருக்கும் பகுதியில் வீட்டு விலை அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பகுதியில் சாலையும் நன்றாக இருக்கும், மரங்களும் இருக்கும், வசதியானவர்களும் இருப்பார்கள். இதில் பள்ளிக்கு மட்டும் எவ்வளவு? பாஸ்டனைச் சுற்றியுள்ள புறநகர்களில், எந்தத் தெருவரை எந்தப் பள்ளியில் இடம் என்ற எல்லைக்கோட்டின் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் வீடுகளை மட்டும் எடுத்து ஒப்பிட்டார். தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடினால் வீட்டு விலை சுமார் 2.5 சதவீதம் கூடுகிறது என்று வந்தது. சாதாரணமாக ஒப்பிட்டால் வரும் தொகையில் இது ஏறத்தாழ பாதிதான். அதாவது "பள்ளிக்கூடத்துக்காக விலை" என்று நாம் நினைப்பதில் பாதி வேறு எதற்கோ போகிறது. பள்ளி செல்லும் பிள்ளை இல்லாதவர் இந்தக் கணக்கைக் கட்டாயம் போட்டுப் பார்க்கவேண்டும். விற்கும்போது அந்தப் பணம் திரும்ப வரலாம், ஆனால் அதுவரை அதற்கும் வட்டி கட்டப்போவது அவர்தான்.

சரி, விலைக்கு வருவோம். விளம்பரத்தில் இருப்பது விலை இல்லை, விற்பவரின் விருப்பம். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் தெரிந்திருந்தும் அந்த எண்ணிலிருந்து நம்மால் விடுபட முடிவதில்லை. 1987இல் கிரெகரி நார்த்கிராஃப்ட், மார்கரெட் நீல் இருவரும் அமெரிக்காவின் டூசான் நகரத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். மாணவர்களையும் அனுபவமுள்ள வீட்டுத் தரகர்களையும் ஒரு வீட்டைச் சுற்றிப் பார்க்கவிட்டு மதிப்பிடச் சொன்னார்கள். கையில் கொடுத்த விவரக் கட்டில் எல்லாம் ஒன்றுதான், கேட்கும் விலை மட்டும் ஆளுக்கு ஆள் மாறியிருந்தது. அதிக விலையைப் பார்த்தவர்கள் அதிகமாக மதிப்பிட்டார்கள், குறைந்த விலையைப் பார்த்தவர்கள் குறைவாக மதிப்பிட்டார்கள். தரகர்களும் அப்படியேதான். முக்கியமாக எதை வைத்து மதிப்பிட்டீர்கள் என்று கேட்டபோது தரகர்களில் பெரும்பாலோர் அந்த எண்ணைச் சொல்லவே இல்லை என்பதுதான் இதில் கவலைக்குரிய பகுதி.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் அந்தப் பகுதியில் உண்மையில் விற்றுப்போன வீடுகளின் விலையைச் சேகரியுங்கள், உங்கள் கணக்கில் ஓர் எண்ணை எழுதி வையுங்கள், அப்புறம் கேட்கும் விலையைப் பாருங்கள். விற்ற விலை எங்கே கிடைக்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1995 முதல் நடந்த வீட்டு விற்பனைகளின் விலையை நிலப் பதிவுத் துறை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. பதிவுக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கப் பத்திரத்தில் குறைத்து எழுதும் பழக்கம் உள்ள இடங்களில் பதிவான எண் உண்மை விலை ஆகாது. அங்கே சமீபத்தில் வாங்கிக் குடியேறியவரிடம் பேசுவதுதான் வழி. எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று நேரடியாகக் கேட்டால் சொல்லமாட்டார்கள். முதலில் எவ்வளவு சொன்னார்கள், எவ்வளவு குறைத்தார்கள் என்று கேட்டால் அனேகமாகச் சொல்வார்கள். பேரம் பேசிக் குறைத்ததில் எல்லோருக்கும் ஒரு பெருமை உண்டு.

தரகரைப் பற்றியும் ஒன்று. அவர்களைக் குறை சொல்வதற்காக இல்லை, நல்ல தரகர் ஒரு பகுதியின் வரலாறே அறிந்தவர். ஆனால் அவருக்கு எதில் லாபம் என்று நமக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஸ்டீவன் லெவிட், சாட் சிவர்சன் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் சிகாகோ பகுதியில் விற்ற ஏறத்தாழ ஒரு லட்சம் வீடுகளைப் பார்த்தார்கள். தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, வாடிக்கையாளர் வீட்டை விற்பதைவிடச் சராசரியாக 9.5 நாள் அதிகம் காத்திருந்தார்கள், சுமார் 3.7 சதவீதம் கூடுதல் விலை பெற்றார்கள். காரணம் எளிது. விலை கொஞ்சம் கூடினால் அதில் தரகருக்கு வரும் பங்கு சிறியது, வியாபாரம் சீக்கிரம் முடிந்தால் அடுத்த வீட்டுக்குப் போகலாம். விற்பவருக்கே இப்படி என்றால் வாங்குபவரிடம் "இன்னைக்கே டோக்கன் போட்டுடுங்க" என்று அவசரப்படுத்துவதற்கும் அதே காரணம்தான்.

சதுர அடிக் கணக்கில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். விளம்பரத்தில் 1200 சதுர அடி என்று போட்டிருக்கும். அதில் மாடிப்படி, லிஃப்ட், நடைபாதை எல்லாவற்றிலும் உங்கள் பங்கு சேர்ந்திருக்கும். டேப்பை எடுத்து உள்ளே சுவருக்குச் சுவர் அளந்தால் 840 வரும். அதே விலையை 1200ஆல் வகுப்பதற்கும் 840ஆல் வகுப்பதற்கும் 43 சதவீதம் வித்தியாசம். பக்கத்துக் கட்டடத்தில் சதுர அடி விலை அதிகமாகத் தெரியும், ஆனால் அங்கே பொதுப் பகுதி குறைவாக இருக்கும், உள் அளவை வைத்துப் பார்த்தால் அதுதான் மலிவு. எல்லா வீட்டையும் உள் அளவுக்கு மாற்றிக்கொள்ளாமல் ஒப்பிடவே கூடாது.

அடுத்தது, கட்டடமும் நிலமும் வேறு வேறு. கட்டடம் முதல் நாளிலிருந்தே பழசாகிக்கொண்டு போகும். குழாய், மின்கம்பி, லிஃப்ட், மொட்டைமாடி ஒழுகல் என்று செலவு வைத்துக்கொண்டே இருக்கும். நகரத்துக்குள் நிலம் புதிதாக முளைக்காது. வீட்டு விலை ஏறுகிறது என்று நாம் பேசுவது பெரும்பாலும் நிலத்தின் விலை ஏறுவதுதான். அதனால் ஒரு புது அடுக்குமாடியையும் முப்பது வருடப் பழைய அடுக்குமாடியையும் ஒப்பிடும்போது ஒவ்வொரு வீட்டுக்கும் நிலத்தில் எவ்வளவு பங்கு வருகிறது என்று கேளுங்கள். பழைய நான்கு மாடிக் கட்டடத்தில் எட்டு வீடு இருக்கும், புதிய உயரமான கட்டடத்தில் அதே அளவு நிலத்தை அறுபது வீடு பங்கு போடும். புதியதில் நீங்கள் பணம் கொடுப்பது பெரும்பகுதி டைல்ஸுக்கும் நுழைவாயில் அலங்காரத்துக்கும்தான். எனக்குப் பழையதன் மேல் ஒரு சாய்வு உண்டு, மறைக்கவில்லை. ஆனால் பழைய கட்டடத்தில் பராமரிப்பு நிதி எவ்வளவு சேர்ந்திருக்கிறது, எத்தனை வீட்டுக்காரர்கள் மாதச் சந்தா கட்டாமல் இருக்கிறார்கள் என்று சங்கத்தின் கணக்கு நோட்டைப் பார்க்காமல் யாரையும் அதை வாங்கச் சொல்லமாட்டேன்.

விலை அதிகமா குறைவா என்று பார்க்க என்னிடம் இருக்கும் அளவுகோல் வாடகை. வாடகை என்பது அங்கே இன்று வாழ்வதற்கு மக்கள் உண்மையில் கொடுக்கும் பணம். அதில் எதிர்காலக் கனவு எதுவும் கலந்திருக்காது. வீட்டு விலையை ஒரு வருட வாடகையால் வகுத்துப் பாருங்கள். ஒரு பகுதியில் 20 வருட வாடகை வரும், இன்னொரு பகுதியில் 35 வரும். அந்த 35க்கும் 20க்கும் நடுவில் இருப்பது நம்பிக்கை: விலை ஏறும், வாடகை ஏறும், மெட்ரோ வரும், அலுவலகங்கள் வரும்.

நம்பிக்கைக்குப் பணம் கொடுப்பது தப்பில்லை. ஆனால் அது எவ்வளவு சீக்கிரம் சுருங்கும் என்று தெரிந்து கொடுக்கவேண்டும். ஒரு சின்னக் கணக்கு. வீட்டில் போடும் பணத்துக்கு வருடம் 8 சதவீதம் வரவேண்டும் என்று சந்தை எதிர்பார்க்கிறது, வாடகை வருடம் 5 சதவீதம் ஏறும் என்று நம்புகிறது என்று வையுங்கள். எட்டில் ஐந்து போக மூன்று: வருட வாடகை விலையில் மூன்று சதவீதம் இருந்தால் போதும், மீதி ஏற்றத்தில் வந்துவிடும். நூறை மூன்றால் வகுத்தால் விலை சுமார் 33 வருட வாடகை. இப்போது அந்த நம்பிக்கை 5இலிருந்து 4 சதவீதமாக இறங்குகிறது. நூறை நான்கால் வகுத்தால் 25. இன்றைய வாடகை ஒரு காசுகூடக் குறையவில்லை, தெருவில் எதுவும் மாறவில்லை, ஆனால் விலையில் கால் பங்கு போய்விட்டது. அமெரிக்காவில் 2006இல் உச்சத்திலிருந்த வீட்டு விலைகள் 2012க்குள் தேசிய அளவில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் இறங்கின. ஜப்பானில் 1991க்குப் பிறகு நகர நிலங்களின் விலை பத்தாண்டுகளுக்கும் மேலாக இறங்கிக்கொண்டே இருந்தது. இரண்டு இடத்திலும் நிலம் விலை இறங்காது என்று நம்பியே ஏராளமானவர்கள் வாங்கியிருந்தார்கள்.

நீண்ட காலத்தைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஆம்ஸ்டர்டாமின் ஹெரன்ஹ்ராக்ட் கால்வாய் ஒரு நல்ல உதாரணம். நெதர்லாந்துப் பொருளியலாளர் பீட் ஐக்ஹோல்ட்ஸ் அந்தக் கால்வாய்க் கரை வீடுகளின் விற்பனையை 1628 முதல் 1973 வரை தொடர்ந்து கணக்கிட்டார். அந்த நகரத்தின் மிக மதிப்புள்ள முகவரிகளில் அது ஒன்று. அப்படியிருந்தும் விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தால் அந்த 345 வருடத்தில் விலை ஏறத்தாழ இரண்டு மடங்குதான் ஆகியிருக்கிறது. நடுவில் போர், கொள்ளைநோய், பொருளாதாரச் சரிவு எல்லாம் வந்து, பல பத்தாண்டுகள் இறங்கியும் கிடந்திருக்கிறது. வீடு வாழ்வதற்கு, விலை ஏறினால் நல்லது என்ற மனநிலையில் வாங்குகிறவர் இதைப் பார்த்துக் கலங்க வேண்டியதில்லை. ஏறியே தீரும் என்று கணக்குப் போட்டுக் கைக்கு மீறிக் கடன் வாங்குகிறவர்களைப் பற்றித்தான் எனக்கு உண்மையிலேயே பயம்.

கடன் வட்டியும் விலைக்குள் ஒளிந்திருக்கிறது. 20 வருடக் கடனுக்கு வட்டி 9 சதவீதத்திலிருந்து 7ஆக இறங்கினால், அதே மாதத் தவணைக்குச் சுமார் 16 சதவீதம் அதிகக் கடன் கிடைக்கும். உங்களுக்கு மட்டும் இல்லை, எதிரில் போட்டி போடும் எல்லோருக்கும் கிடைக்கும். அதனால் வட்டி குறைந்த காலத்தில் வீடு மலிவாகிவிட்டது என்று நினைப்பது பாதி உண்மைதான்.

சந்தை மந்தமாகிறதா என்பது விலையில் முதலில் தெரியாது. டேவிட் ஜெனசோவ், கிறிஸ்டோபர் மேயர் இருவரும் 1990களில் பாஸ்டன் நகர மையத்து அடுக்குமாடி வீடுகளை ஆராய்ந்தார்கள். வாங்கிய விலைக்குக் கீழே விற்கவேண்டிய நிலையில் இருந்தவர்கள் மற்றவர்களைவிட அதிக விலை கேட்டார்கள், விற்காமல் நீண்ட நாள் காத்திருந்தார்கள். நஷ்டத்தில் விற்க யாருக்கும் மனம் வராது. ஆகவே விலை இறங்கத் தொடங்கும் முன்பே வேறு அடையாளங்கள் வரும். விற்பனைக்கு என்ற பலகை மழையில் வெளுத்துப்போய்த் தொங்கும். போன மாதம் பார்த்த அதே விளம்பரம் புதுப் புகைப்படத்தோடு மறுபடி வரும். மாலையில் பார்த்தால் புதுக் கட்டடத்தில் விளக்கு எரியும் ஜன்னல்கள் குறைவாக இருக்கும். இதையெல்லாம் கவனித்தவர் பேரத்தில் பொறுமையாக உட்காரலாம்.

இனி சுற்றுப்புறம். எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான், ஏனென்றால் காசு செலவில்லாமல் கால் நடையாகவே கற்றுக்கொள்ளலாம்.

முதலில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். ஒரு தெருவில் இருப்பதிலேயே பழைய வீட்டின் வாசலில் போய் நில்லுங்கள். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டால் சாலை உயர்ந்துகொண்டே போகும். ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இன்று ஒரு படி இறங்கிப் போகவேண்டியிருக்கும். அப்படிப்பட்ட தெருவில் புது வீடுகள் எல்லாம் இடுப்பு உயரத்துக்கு மேடை கட்டி எழுந்திருந்தால், கட்டியவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. சுற்றுச்சுவரின் அடிப்பகுதியில் மட்டும் ஒரே உயரத்தில் புதுப் பெயிண்ட் இருக்கிறதா? பெயிண்ட் உப்பிக்கொண்டு தோல் உரிகிறதா? அப்படி ஒரு தெருவில் வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டியிடம் தங்கை கேட்டாள், "பாட்டி, மழைக்குத் தண்ணி எதுவரைக்கும் வரும்?" பாட்டி யோசிக்கவே இல்லை. கதவு நிலையில் ஓர் இடத்தைக் கையால் தொட்டு, "இதோ, இதுவரைக்கும் வந்துச்சு கண்ணு" என்றார். தங்கையின் முழங்கால் உயரம். அந்தத் தெருவில் பார்க்க வந்திருந்த வீட்டின் விலை ஏன் அவ்வளவு குறைவு என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மழை பெய்து முடிந்த மறுநாள், வேலைநாள் காலை, வார இறுதி இரவு, இந்த மூன்று நேரத்திலும் அந்தத் தெருவைப் பார்த்தால்தான் அது என்ன தெரு என்று தெரியும். ஞாயிறு காலை பதினோரு மணிக்கு எந்தத் தெருவும் அழகாகத்தான் இருக்கும். இருட்டிய பிறகு பெண்கள் தனியாக நடந்து வருகிறார்களா, பிள்ளைகள் எது வரை வெளியே விளையாடுகிறார்கள் என்று கவனிப்பது எந்தக் குற்றப் புள்ளிவிவரத்தைவிடவும் எனக்குப் பயன்பட்டிருக்கிறது.

பயண நேரத்தை மக்கள் மிகவும் மலிவாக எடைபோடுகிறார்கள். தொலைவில் வாங்கினால் பெரிய வீடு கிடைக்கும், தினமும் கொஞ்ச நேரம் கூடுதலாகப் போய்வந்தால் என்ன என்று தோன்றும். அலோயிஸ் ஸ்டுட்ஸர், புருனோ ஃப்ரை இருவரும் 2008இல் ஜெர்மனியின் கணக்கெடுப்புத் தரவுகளை வைத்து இதை ஆராய்ந்தார்கள். நீண்ட பயணத்துக்கு ஈடாகப் பெரிய வீடோ நல்ல சம்பளமோ கிடைத்திருக்கவேண்டும், ஆகவே தூரத்தில் இருப்பவர்களும் அதே அளவு மன நிறைவோடு இருக்கவேண்டும் என்பது கோட்பாடு. அப்படி இல்லை. பயணம் நீள நீள மன நிறைவு குறைந்தது, வீடு அதை ஈடு கட்டவில்லை. பெரிய கூடத்துக்கு நாம் சில மாதங்களில் பழகிவிடுகிறோம், நெரிசலுக்குப் பழகுவதே இல்லை. விலை வித்தியாசத்தில் பயணம் குறைவது என்ற இந்த ஒன்றுக்கு மட்டும் தாராளமாகப் பணம் கொடுக்கலாம் என்று சொல்வேன்.

வரப்போகும் மெட்ரோ, வரப்போகும் மேம்பாலம், வரப்போகும் தொழில்நுட்பப் பூங்கா என்று சொல்லி விற்பவற்றில் எச்சரிக்கை வேண்டும். அறிவிப்பு வந்த அன்றே விலையில் அது ஏறிவிடுகிறது. வேலை தாமதமானால் காத்திருப்பது நீங்கள்தான், கைவிட்டால் இழப்பும் உங்களுக்குத்தான். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பேருந்தை நம்பி வாங்குங்கள்.

வேறு ஊரிலிருந்து குடிவருகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. யூரி சைமன்சோனும் ஜார்ஜ் லோவன்ஸ்டைனும் 2006இல் கண்டது இது: வாடகை அதிகமான ஊரிலிருந்து வந்தவர்கள், மலிவான ஊரிலிருந்து வந்தவர்களைவிடப் புது ஊரில் அதிக வாடகைக்குக் குடியேறுகிறார்கள். அதே ஊருக்குள் மறுபடி வீடு மாறும்போது அந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது. பழைய ஊரின் விலையை மனதில் தூக்கிக்கொண்டு வந்தால் எல்லாமே மலிவாகத் தெரியும், அல்லது எல்லாமே கொள்ளையாகத் தெரியும். முடிந்தால் வாங்க நினைக்கும் பகுதியிலேயே ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள்.

இன்னொரு விலை வித்தியாசம் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. "அது நல்ல ஏரியா இல்லை சார்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். ஏன் என்று கேட்டால் சாக்கடையையோ தெருவிளக்கையோ சொல்லமாட்டார்கள், அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்பதைச் சொல்வார்கள். அமெரிக்காவில் 1933இல் தொடங்கிய வீட்டு உரிமையாளர் கடன் கழகம் என்ற அரசு நிறுவனம் இதை வரைபடமாகவே போட்டது. 200க்கும் மேற்பட்ட நகரங்களைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நிறம் தீட்டியது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்குப் பெரும்பாலும் சிவப்பு. இப்படி ஆபத்தானவை என்று முத்திரை குத்திய பகுதிகளில் வீட்டுக்கடன் கிடைப்பது அரிதானது. கடன் கிடைக்காத இடத்தில் வாங்க ஆள் வராது, பழுது பார்க்கப் பணம் இருக்காது. பிறகு அந்தப் பகுதியின் சீரழிவையே அதற்குக் காரணமாகக் காட்டினார்கள். வீட்டு விற்பனையிலும் கடனிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1968இல்தான் வந்தது. சாதியோ மதமோ இனமோ வறுமையோ, மக்களைக் காட்டி ஒரு தெருவைத் தாழ்த்துவது அநியாயம், அதை விலைக் கணக்கு என்ற பெயரில் ஏற்றுக்கொள்ளக் கூடாது. தண்ணீர், வடிகால், விளக்கு, பள்ளி, பேருந்து எல்லாம் சரியாக இருந்து, இந்த ஒரு காரணத்துக்காகவே விலை குறைந்திருக்கும் தெருவை நான் மனதாரப் பரிந்துரைப்பேன். அங்கே நல்ல அண்டை வீட்டாராகப் போய் வாழுங்கள்.

கடைசியாக, காரணமே பிடிபடாத தள்ளுபடி. மழைத் தண்ணீர் உள்ளே வருவதில்லை, சத்தம் இல்லை, கட்டடம் உறுதி, வெளிச்சம் அருமை, ஆனாலும் பக்கத்து வீட்டைவிடக் கணிசமாகக் குறைவு. "ஓனர் வெளிநாடு போறார் சார், அவசரம்" என்பார்கள். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அனேகமாகக் காரணம் சுவரில் இருக்காது, காகிதத்தில் இருக்கும். கையெழுத்துப் போடாத ஒரு வாரிசு, தீராத ஒரு வழக்கு, அடைபடாத ஒரு கடன், அனுமதி இல்லாமல் எழுப்பிய ஒரு மாடி. இவற்றில் எதற்கும் நீங்களாக ஒரு தொகை போட்டு, அதைக் கழித்துக்கொண்டு வாங்கலாம் என்று நினைக்காதீர்கள். ஈரச் சுவருக்குச் செலவு இவ்வளவு என்று சொல்லிவிடலாம், வாரிசு வழக்குக்குச் சொல்ல முடியாது. விற்பவரோ தரகரோ கைகாட்டாத, நீங்களே பார்த்துப் பிடித்த ஒரு வழக்கறிஞரிடம் மூலப்பத்திரத்திலிருந்து எல்லாவற்றையும் கொடுங்கள். அவர் எழுத்தில் சரி என்று சொல்லும்வரை, தங்கையின் குடும்பம் செய்ததுபோல், முன்பணம் என்று ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.